கடை வில்லியனூரில், அலுவல் பாதி பாரீசில்: எந்த விசா பொருந்தும்?

வணிக அன்பர்களிடமிருந்து அண்மைக் காலமாக நமக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “வருஷத்தில் மூன்று நான்கு தடவை பிரான்சுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, நீண்ட காலம் தங்கும் விசா ஒன்றை ஒரேயடியாக எடுத்துவிட்டால் என்ன?” என்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில், அவர்கள் எதிர்பார்த்து வருவது அல்ல. நீண்ட கால விசா என்பது போக்குவரத்து வசதிக்கான பாஸ் அன்று. குடியிருப்பை மாற்றுவதற்கான அனுமதி. கடையை இங்கே வைத்துக்கொண்டு அதை எடுப்பவர், இரண்டு ஊரிலும் கணக்குச் சொல்ல வேண்டியவராகிறார். ஆகவே இந்த இதழில் இந்தப் பாடத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வேறு ஊர் வணிகர்களுக்கு இல்லாத இந்தச் சிக்கல் நம் கொம்யூன்களில் மட்டும் ஏன் இவ்வளவு என்று இளைய தலைமுறையினர் கேட்கக்கூடும். வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ல் நடந்த வாக்கெடுப்பும், நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியதும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுக்காமல் இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். சொல்தா வீட்டில் பெண் எடுத்தவர் ஒரு வகை, கொடுத்தவர் ஒரு வகை. இப்படியாக ஒரே குடும்பத்தில் இரண்டு நிறப் பாஸ்போர்ட். ஒரே கடையில் பங்குள்ள இருவருக்கு விமான நிலையத்தில் இரண்டு வேறு வரிசை. இன்றைக்குப் பாரீசின் லா ஷப்பேல் பகுதிக் கடைகளுக்கு மசாலாப் பொடியும் அப்பளமும் ஊறுகாயும் அனுப்ப நினைக்கும் நம் வியாபாரிக்கு, அந்தக் காலத்தில் பாட்டனார் போட்ட அல்லது போடாத கையெழுத்துதான் முதல் கணக்கு.

முதலில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரைப் பார்ப்போம். நம் உறுப்பினர்களில் அவர்களே அதிகம்.

தொண்ணூறு நாள் கணக்கு

பிரான்சு உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவில் உள்ள விதி: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. இதைப் பலர் “ஆறு மாதத்துக்கு மூன்று மாதம்” என்று புரிந்துகொண்டு, ஜனவரியில் ஒரு கணக்கும் ஜூலையில் ஒரு புதுக் கணக்கும் தொடங்குவதாக நினைக்கிறார்கள். அப்படியல்ல. இது ஆண்டுக் கணக்கு அல்ல, ஓடும் கணக்கு.

நம் பாஷையில் சொல்வதானால், மொத்தக் கடைக்காரர் உங்களுக்கு 90 ரூபாய் கடன் வரம்பு வைத்திருக்கிறார். அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ரூபாய் பற்று. ஒவ்வொரு பற்றும் எழுதிய நாளையும் சேர்த்து 180 நாள் பேரேட்டில் நிற்கும். அதன் மறுநாள் தானாக அடிபட்டுப் போகும். எந்த நாளிலும் நிலுவை 90-ஐத் தாண்டக் கூடாது. இறங்கும் நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வில்லியனூர் மளிகைக்காரர் ஒருவர் பொங்கல் வியாபாரம் முடித்து பிப்ரவரி 1-ல் பாரீசில் இறங்கி மார்ச் 17-ல் கிளம்புகிறார். பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டு என்று கொண்டால் 45 நாள். மறுபடி மே 10-ல் போய் ஜூன் 8-ல் திரும்புகிறார்; அது 30 நாள். ஆகப் பற்று 75. ஆடியில் இங்கே வியாபாரம் மந்தம், ஜூலை 15-ல் மூன்றாம் தடவை போகலாம் என்று எண்ணுகிறார். அன்று பின்னோக்கி 180 நாள் எண்ணினால் ஜனவரி 17 வரை போகிறது. பழைய பற்று ஒன்றுகூட அடிபடவில்லை. மீதம் 15 நாள்தான். ஜூலை 29-ல் கிளம்பியாக வேண்டும். 30-ந் தேதி அங்கே இருந்தால் அது 91-வது நாள்.

அதே மனிதர் பதினேழு நாள் பொறுத்து ஆகஸ்டு 1-ல் போனால்? அன்றைய 180 நாள் பிப்ரவரி 3-லிருந்துதான் தொடங்குகிறது. அது முதல் தினமும் ஒரு புதுப் பற்று ஏறுகிறது, ஒரு பழைய பற்று அடிபடுகிறது. நிலுவை 74-லேயே நிற்கிறது. மார்ச் 17 வரையிலான பற்று முழுவதும் தீரும் வரை இப்படியே ஓடி, பிறகுதான் ஏறத் தொடங்கி, செப்டம்பர் 29-ல் 90-ஐத் தொடுகிறது. ஆக 60 நாள் தங்கலாம். பதினேழு நாள் தள்ளிப் போட்டதில் பதினைந்து நாள் அறுபது நாளாகிறது! நீண்ட கால விசா தேவை என்று நம்மிடம் வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு காலண்டரும் பென்சிலும்தான்.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. 180 நாளுக்கு 90 என்றால், ஒழுங்காகத் திட்டமிட்டுப் போய் வருபவருக்கு ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் கிடைக்கிறது. கடை நடத்தும் மனிதர் ஆண்டில் பாதிக்கு மேல் வெளியூரில் இருந்தால் அந்தக் கடை என்ன கதியாகும் என்பது நமக்குத் தெரியும். நாளைப் பொறுத்த மட்டில் குறுகிய கால விசாவே போதும். நீண்ட கால விசாவை நாடச் செய்யும் காரணம் நாள் அல்ல; அங்கே செய்யப் போகும் வேலை.

முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். ஒரு முத்திரை மங்கலாக விழுந்தால் கேள்வி இல்லாமலும் போனதுண்டு. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் விரல் ரேகையும் முகப்படமும் எடுத்து, வரவையும் போக்கையும் கணினியில் ஏற்றும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். நாட்களை இயந்திரமே எண்ணிவிடும். ஒரு நாள் கூடினாலும் அடுத்த விசாவில் அது வந்து நிற்கும். அதிகம் கூடினால் நுழைவுத் தடையும் வரலாம்.

“ஒவ்வொரு தடவையும் அலைவது” என்ற குறைக்கும் வழி பிறந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கென்று தனி விதி கொண்டு வந்தது. முந்தைய மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு, இரண்டு ஆண்டுக்குப் பல முறை போய் வரும் விசா தரலாம். அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்தது ஐந்து ஆண்டுக்கு. பாஸ்போர்ட்டிலும் அத்தனை ஆண்டு மீதி இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. விசா ஐந்து ஆண்டுக்கு என்றாலும் 90 நாள் கணக்கு மாறாது. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஒரு வருட விசாவோ ஐந்து வருட விசாவோ கட்டணம் ஒன்றே என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எது வேலை, எது வியாபாரப் பேச்சு?

குறுகிய கால விசாவில் வியாபாரக் காரியமாகப் போகலாம். கடைக்காரர்களைச் சந்திக்கலாம், மாதிரி காட்டலாம், விலை பேசலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். பாரீசை அடுத்த வில்பாந்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் சியால் உணவுக் கண்காட்சியைச் சுற்றி வரலாம். ஆனால் மைத்துனர் கடையில் கல்லாவில் உட்காருவது, சரக்கு இறக்குவது, பில் போடுவது எல்லாம் வேலை. “சம்பளமா வாங்கினேன்? ஒத்தாசைக்கு நின்றேன்” என்று சொல்வது நம் ஊரில் எடுபடும். அங்கே சோதனைக்கு வரும் அதிகாரி அதை வேலை என்று முடிவு செய்தால், நின்றவருக்கு விசா போவதோடு நிற்க வைத்த உறவினருக்கும் அபராதம். நம்மால் அவர் பிழைப்பு கெட வேண்டாம்.

பெட்டியில் எடுத்துப் போவதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி பால் பொருளோ இறைச்சிப் பொருளோ கொண்டு வரக் கூடாது. மாதிரிக்கென்று நெய் ஒரு டப்பா, பால்கோவா ஒரு பொட்டலம் வைத்தால் அங்கேயே பறித்துக் கொட்டிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்று இல்லாமல் வழியில்லை. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பொடியும் அப்பளமும் மாதிரிக்கு எடுத்துச் செல்லத் தோதானவை.

நீண்ட கால விசாவின் வகைகள்

இனி, உண்மையிலேயே அங்கே வேலையோ குடும்பமோ உள்ளவர்களுக்கு. பிரான்சில் 90 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்க நீண்ட கால விசா வேண்டும். கட்டணம் பொதுவாக 99 யூரோ. இதில் குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும் வகையை, அங்கே இறங்கி மூன்று மாதத்துக்குள் இணையத்தின் வழியே வரி செலுத்திப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்யாமல் மூன்று மாதம் தாண்டினால் கையில் விசா இருந்தும் இல்லாதவர் கணக்குத்தான். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்ததும் காரியம் முடிந்தது என்று எண்ணிக் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

பலரும் முதலில் கை வைப்பது “விருந்தினர்” என்னும் வகையில். இதற்குப் பிரான்சின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய வருமானமும், தங்க இடமும், மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அங்கே எந்த வேலையும் செய்வதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாகப் பேரப்பிள்ளைகளோடு ஒரு வருடம் இருக்க நினைக்கும் பெரியவருக்கு இது ஏற்றது. வியாபாரத்துக்காகப் போகிறவர் இதை எடுப்பது, உதவாது என்பதோடு நில்லாமல், அவரையே கட்டிப் போடும் கயிறு. எழுதிக் கொடுத்த உறுதிமொழி கோப்பில் இருக்கும்.

பிரெஞ்சுக் குடிமகனான மகனோ மகளோ உள்ள பெற்றோருக்கு “பிள்ளையை அண்டி வாழும் பெற்றோர்” என்று ஒரு வழி உண்டு. இதில் நம் வணிகர்களுக்கு ஒரு வேடிக்கையான சங்கடம். குறுகிய கால விசாவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரித் தாக்கல், வங்கி இருப்பு எல்லாம் காட்டி “எனக்கு இங்கே நல்ல கடை இருக்கிறது, கட்டாயம் திரும்பி வருவேன்” என்று நிரூபித்தவர், அடுத்த வருடம் அதே அலுவலகத்தில் “எனக்கு வருமானம் இல்லை, மகன் அனுப்பும் பணத்தில்தான் சாப்பிடுகிறேன்” என்று எழுதிக் கொடுக்க முடியுமா? இரண்டு காகிதமும் ஒரே கோப்பில் உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பதை முதல் விண்ணப்பத்துக்கு முன்பே தீர்மானிப்பது நல்லது.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள பெண்ணையோ ஆணையோ மணந்தவர்களுக்குத் தனி விசா. அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே போனதும் வேலையும் செய்யலாம், தொழிலும் நடத்தலாம். ஆனால் திருமணம் பிரெஞ்சு எதா சிவில் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். நம் பதிவாளர் அலுவலகச் சான்று மட்டும் போதாது. கல்யாணத்துக்கு முன்பே தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று கேட்டு வாங்கியிருந்தால் பின்னால் பதிவு சுலபம். பந்தி முடிந்த பிறகு போய்க் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். இந்த விசாவின் அடிப்படை கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது. மனைவி அங்கே, கணவர் ஆண்டில் எட்டு மாதம் பாகூர் கடையில் என்றால் புதுப்பிக்கும்போது கேள்வி எழும்.

அங்கே கடை போட நினைப்பவருக்கு “தொழில் முனைவோர்” வகை. தொழில் நிலைத்து நிற்கும் என்பதற்குக் கணக்கு காட்ட வேண்டும். குறைந்தபட்ச ஊதிய அளவுக்காவது வருமானம் வரும் என்று காட்ட வேண்டும். இதற்கு மேல்படியாக, ஐந்தாண்டுத் தொழில் அனுபவமோ முதுகலைக்கு ஈடான படிப்போ உள்ளவர் 30,000 யூரோ முதலீட்டோடு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. சம்பளத்துக்குப் போகிறவர் என்றால் அங்குள்ள முதலாளிதான் முதலில் வேலை அனுமதி வாங்க வேண்டும். விசா அதற்குப் பின்னால். அனுமதிக் காகிதம் இல்லாமல் “முதலில் வந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் முதலாளியை நம்பிப் புறப்படக் கூடாது.

போய் வருவதையே அடிப்படையாகக் கொண்ட அனுமதி பிரான்சில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பருவ காலத் தொழிலாளர் அட்டை. நிரந்தரக் குடியிருப்பைச் சொந்த நாட்டிலேயே வைத்துக்கொள்வதாக உறுதி கொடுத்து, ஆண்டுக்கு ஆறு மாதம் வரை அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பலாம். மூன்று ஆண்டு வரை செல்லும். ஆனால் அது அறுவடைக்கும் சுற்றுலாப் பருவத்துக்கும் ஆள் எடுப்பதற்கானது. மளிகை வியாபாரத்துக்குப் பொருந்தாது.

ஆறு மாதம் யாருக்கு?

முதல் வருட விசா முடிந்து பல ஆண்டு அட்டை வாங்கியவர்களுக்கு 2024 ஜனவரியில் வந்த பிரெஞ்சுச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது. அட்டையைப் புதுப்பிக்க, பொதுவாக ஆண்டில் ஆறு மாதமாவது பிரான்சில் தங்கியிருந்ததைக் காட்ட வேண்டும். அதே சட்டப்படி 2026 ஜனவரி 1 முதல் பல ஆண்டு அட்டைக்கு ஏ2 நிலை, பத்தாண்டு அட்டைக்கு பி1 நிலை பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் கேட்கிறார்கள். மொழிக்குப் புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. மாலை நேரத்தில் போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தை எங்கே போய் வாங்குவது?

இந்தியப் பக்கத்திலும் கோடு அங்கேதான் விழுகிறது. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் வருமான வரிக்கு நீங்கள் இங்கு வசிப்பவர். உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். 182-க்குக் குறைந்தால் உடனே வெளிநாட்டுவாசி ஆகிவிடுவதாகவும் எண்ண வேண்டாம். வேறு நிபந்தனைகளும் உண்டு. இங்குள்ள வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவர் அங்கே குடியிருந்து இங்கே வந்து போனால் கோடு 120 நாளுக்கே இறங்கிவிடலாம். இரண்டு நாடும் ஒரே வருமானத்துக்கு வரி கேட்காமலிருக்க 1992-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதன் பலன் தானாக வராது. ஆடிட்டரிடம் நாள் கணக்கோடு போக வேண்டும். மேலே சொன்ன பென்சில் கணக்கு இங்கேயும் உதவும்.

வரியைவிடப் பெரியது நிலம். வேலைக்கோ தொழிலுக்கோ குடியிருப்பை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டவர், இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும், அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி. அவர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், காலி மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. முன்பே இருப்பது அவருடையதே. பாகப்படியோ வாரிசுப்படியோ வருவதிலும் தடையில்லை. ஆனால் பாகூர் ஏரிப் பாசனத்தில் பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்று அங்கிருந்து பணம் அனுப்பிக் கிரயம் பண்ண நினைத்தால் சிக்கல். பினாமி பெயரில் வாங்கும் யோசனையைச் சொல்ல ஆள் இருப்பார்கள். அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்க வேண்டாம். பணமும் போகும், உறவும் போகும். அதுபோலவே சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாட்டுவாசிக்குரிய என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ளவும் வேண்டும். ஆகவே நீண்ட கால விசா எடுக்கும் முடிவுக்கு முன் வீட்டில் நிலம் வாங்கும் யோசனை ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையின் காகிதங்களும் உங்களோடு விமானம் ஏறுவதில்லை. மாதம்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர் தொடர்ந்து ஆறு மாதம் விட்டுவிட்டால் பதிவு ரத்தாகலாம். பதிவு போனால் மொத்த வியாபாரிக்கு அன்றே வாங்குவோர் விலகுவார்கள். கையெழுத்து அதிகாரம் பெற்றவராகக் கடையில் ஒருவரைச் சேர்த்துவிட்டு, அவருடைய கைபேசிக்குக் கடவு எண் வரும்படி செய்துவிட்டுப் புறப்படுவது உத்தமம். கொம்யூன் பஞ்சாயத்து வணிக உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடைக்கல் முத்திரை ஆகியவற்றின் கடைசித் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டி மூடியில் ஒட்டிவிடலாம். பொது அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் இன்னின்ன காரியத்துக்கு என்று வரையறுத்து எழுதுங்கள். கிரய அதிகாரத்தையும் சேர்த்து மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதை நாம் ஒப்புக்கொள்வதில்லை, சொந்தத் தம்பியானாலும்.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு

இனி மறுதிசை. அங்கே குடியிருந்துகொண்டு இங்குள்ள கடையையும் பார்த்துக்கொள்ள வருபவர்கள். சுற்றுலா விசாவில் வந்து கடை நடத்துவது கூடாது. அது அங்கே கல்லாவில் நிற்பதற்குச் சமமான குற்றம் இங்கே. வணிக விசா உண்டு, ஆனால் ஒரு முறை வந்து 180 நாளுக்கு மேல் தங்குவதானால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். இவர்களுக்கு நேரானது 2005 சட்டத் திருத்தத்தால் வந்த ஓ.சி.ஐ. அட்டை. அதற்குத் தகுதி சொல்லும் வாசகங்களில் ஒன்று, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர், அவர் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்களுக்கும் அடுத்த தலைமுறை என்பது. நம் மண்ணை நினைத்தே எழுதினது போல இருக்கிறது. பாட்டனார் வில்லியனூரில் பிறந்ததற்கான பழைய எதா சிவில் நகலைத் தேடி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆயுள் முழுவதும் போய் வரலாம், எத்தனை நாளும் தங்கலாம், காவல் பதிவு இல்லை, கடை நடத்தலாம். ஓட்டு இல்லை. விவசாய நிலம் வாங்கும் விஷயத்தில் மேலே சொன்ன தடை இவர்களுக்கும் உண்டு.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போய், பல ஆண்டு இருந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்குரிய சான்றைப் பெற்ற பின்தான் ஓ.சி.ஐ. கேட்க முடியும். பழைய பாஸ்போர்ட்டைக் காட்டி இன்னொரு முறை பயணம் செய்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு அபராதம் விதிக்கிறார்கள்.

இரண்டு துணுக்குச் செய்திகள். ரியூனியன் தீவுக்குச் சரக்கு அனுப்புவோர், அது பிரான்சின் பகுதிதானே என்று ஷெங்கன் விசாவோடு போய் இறங்கக் கூடாது. அந்தத் தீவு ஷெங்கனில் சேராது. விசாவில் அதற்கென்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். அங்கே தங்கும் நாள் 90 நாள் கணக்கிலும் ஏறாது. வளைகுடாவுக்குப் போய் வருவோர், பார்வையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது என்பதோடு, ஐக்கிய அரபு அமீரகத்தின் சாதாரணக் குடியிருப்பு விசா தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால் செல்லாமல் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடையில் தீபாவளி வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப் போடுபவர்கள் அங்கே கடைசியாகக் கிளம்பிய தேதியைப் பார்த்துக்கொள்ளவும்.

விண்ணப்பம் பற்றி. காகிதங்களை வாங்கிக்கொள்வது வி.எப்.எஸ். நிறுவனம், முடிவு செய்வது தூதரகம். வாங்குகிற இடத்தில் யாருக்கும் முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது. ஆகவே “உள்ளே ஆள் இருக்கிறது” என்று முன்பணம் கேட்கும் தரகரிடம் கொடுத்த காசு திரும்பாது. குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்கட்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்குள்ள கடைக்காரர் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் என்ன சரக்கு, என்ன பேச்சு, எத்தனை நாள் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். “நண்பர் வருகிறார்” என்று மட்டும் எழுதினால் அதிகாரி எதை வைத்து நம்புவார்? கடைசி நேரத்தில் யாரிடமோ கைமாற்று வாங்கி வங்கியில் பெருந்தொகை போடுவதும் உதவாது. தினமும் கல்லாப் பணம் ஏறி இறங்கும் நடப்புக் கணக்கின் மாதக் கணக்கே கடைக்காரருக்கு நல்ல சாட்சி. விண்ணப்பத்தில் உள்ள பெயர், ஜி.எஸ்.டி. சான்றில் உள்ள பெயர், பாஸ்போர்ட் பெயர் மூன்றும் ஓர் எழுத்து விடாமல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒட்டிப் பாருங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தால், போவதற்கு முன்பே திருத்தம் செய்துகொண்டு கொடுப்பது நல்லது.